அக்கா புது வீட்டுக்குள் போன காலை

நான் வாங்கிய முதல் பெரிய கிராபிக்ஸ் கார்டு, எங்கள் அக்காவின் வாந்தியை நிறுத்துவதற்காக வாங்கியது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். இன்றைக்கு ஆரணியில் யாரைக் கேட்டாலும் கிராபிக்ஸ் கார்டு என்றால் பையன்கள் கம்ப்யூட்டரில் துப்பாக்கி எடுத்துச் சுடுவதற்கு, கார் ஓட்டுவதற்கு என்றுதான் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சு வந்தாலே ஒரு பச்சை நிற பிளாஸ்டிக் பேசின்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அக்காவின் கட்டிலுக்குக் கீழே எப்போதும் இருந்த பேசின்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரில் எல்லாரும் வீடு கட்ட ஆரம்பித்திருந்த காலம் அது. நான் சிவில் டிப்ளமா முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் 3டி எலிவேஷன் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அதாவது, வீட்டைக் கட்டுவதற்கு முன்பே அது கட்டி முடித்துப் பெயின்ட் அடித்து எப்படி நிற்கும் என்று கம்ப்யூட்டரில் படமாகக் காட்டுகிற வேலை. மேஸ்திரிகள் வருவார்கள், இன்ஜினியர்கள் வருவார்கள். "மேடம், முன்னாடி ரெண்டு தூணு, மேல ஒரு ஆர்ச்சு, பக்கத்து வூட்டுக்காரன் பாத்தா அவனுக்குத் தூக்கம் வரக்கூடாது" என்பார்கள். சமையலறைக்குள் ஆள் திரும்ப இடம் இருக்கிறதா என்று ஒருத்தன் கேட்டதில்லை. எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் தூணும் ஆர்ச்சும் வரைந்து, பிரின்ட் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

அப்பா அம்மா இரண்டு பேரும் சீக்கிரமே போய்விட்டார்கள். அக்கா கல்யாணமாகிப் போனபோது என்னையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். "உங்க அக்கா கொண்டாந்த சீரு நீதான், வேற ஒண்ணும் வரல" என்று மாமா, அதாவது அக்காவின் புருஷன், என்னைக் கிண்டல் செய்வார். அவர் பட்டுத்தறி நெய்கிறவர். அவர்களுக்குக் குழந்தை இல்லை. என்னைப் படிக்க வைத்தது, திட்டியது, காய்ச்சல் வந்தால் கஞ்சி ஊற்றியது எல்லாம் அவர்கள்தான்.

நாங்கள் இருந்தது வாடகை வீடு. ஹால் முழுக்கத் தறி. மாமா குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்து நெய்வார். மிச்சம் இருக்கிற சந்தில் நாங்கள் சுவரை ஒட்டி, ஒருக்களித்து நடந்து சமையலறைக்குப் போவோம். விருந்தாளி வந்தால் நின்றுகொண்டேதான் காபி குடிக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் ஆரணிப் பட்டைப் பற்றி உருகி உருகிப் பேசும்போது அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இங்க வந்து ஒரு மாசம் குடித்தனம் பண்ணச் சொல்லு. சோத்துல நூலு வரும், ரசத்துல ஜரிகை வரும்" என்பாள். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. தறி இல்லாத ஒரு ஹால். அதில் காலை நீட்டி உட்கார வேண்டும். தறியைப் பின்பக்கம் தனிக் கொட்டகை போட்டு மாமா வைத்துக்கொள்ளட்டும்.

போளூர் ரோட்டில் ஒரு மனை வாங்கினார்கள். பிளான் நான்தான் போட்டேன். அஸ்திவாரம் போட்டு, சுவர்கள் ஜன்னல் தலை உயரத்துக்கு வந்து நின்றபோது அக்காவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. வேலூரில் எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு, டாக்டர் மாமாவையும் என்னையும் மட்டும் தனியாகக் கூப்பிட்டார். கர்ப்பப்பையில் ஆரம்பித்துப் பரவிவிட்டது, மருந்து ஏற்றலாம், ஆனால் அதிக நாள் எதிர்பார்க்காதீர்கள் என்றார். வெளியே பெஞ்சில் அக்கா சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். "இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். "கட்டியாம். கரையறதுக்கு மருந்து குடுக்குறாங்களாம்" என்றார் மாமா. அவர் அத்தனை சுலபமாகப் பொய் சொல்லி நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அக்கா "அப்டியா" என்று சொல்லி, என் கையில் ஒரு சுளையை வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்ல மாட்டோம். சொன்னால் மனசு விட்டுப்போய், இருக்கிற நாளும் குறைந்துவிடும் என்று பயம். அதனால் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு திரிந்தோம். வருகிற சொந்தக்காரர்கள்தான் பெரிய பேஜார். ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து வாசலிலேயே மூக்கைச் சிந்துவார்கள். நான் கதவை மறித்துக்கொண்டு, "அழறதா இருந்தா பஸ் ஸ்டாண்டுலயே அழுதுட்டு வாங்க, இங்க வந்தா சிரிச்சிகினு பேசுங்க" என்பேன். எனக்கு வாய் நீளம் என்று சொந்தத்தில் எல்லாருக்கும் அபிப்பிராயம். இருக்கட்டுமே.

வீட்டு வேலை நின்றுபோனது. ஆஸ்பத்திரிக்கு அலைகிற குடும்பத்தில் கட்டட வேலை ஏன் நின்றது என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. அக்கா மட்டும் தினமும் மாமாவைக் கேட்பாள். "வூடு எந்த மட்டுல கீது?" மாமா "ஆவுது, ஆவுது" என்பார். ஒரு நாள் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடலாம் என்று கிளம்பினோம். தெரு முனை தாண்டுவதற்குள் குலுக்கலில் வலி பொறுக்காமல் "திருப்பு, வண்டியத் திருப்பு" என்று கத்திவிட்டாள். வீட்டுக்கு வந்து படுத்தவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்த வூட்டுக்குள்ள ஒரு தபா கால வெச்சிட்டா போதும்டி எனக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கும் மாமாவுக்கும் வேறு யோசனையே இல்லை. அவள் அந்த வீட்டுக்குள் ஒரு தடவை போக வேண்டும். அதற்குள் எதுவும் ஆகிவிடக் கூடாது.

முதலில் நான் என் பிழைப்பையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். வீட்டு முகப்பைப் பெரிய தாளில் கலரில் பிரின்ட் போட்டேன். ஆர்ச்சு இல்லை, தூண் இல்லை, அக்காவுக்குப் பிடித்த இளமஞ்சள் பெயின்ட். அவள் தாளை வாங்கி, கையைத் தூரமாக நீட்டிப் பார்த்தாள். "சோக்கா கீது. ஆனா இது ரோட்ல போறவங்களுக்கு. நான் உள்ள இருக்கப் போறவ" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் என் தொழிலைப் பற்றி ஒருத்தரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் வெட்கம்.

சரி, உள்ளேயே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று முடிவு செய்தேன். மாடி அறையிலிருந்து கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து, தறிக்கும் அவள் கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஸ்டூலில் வைத்தேன். வீட்டின் அறைகளை எல்லாம் உள்ளே 3டியில் எழுப்பினேன். மவுஸைப் பிடித்து நகர்த்தினால் நாமே நடந்து போகிற மாதிரி வாசல், ஹால், சமையலறை என்று திரையில் வரும். வர வேண்டும். என் கம்ப்யூட்டரில் இருந்தது மதர்போர்டோடு ஒட்டி வந்த சாதாரண கிராபிக்ஸ். நடக்கிற மாதிரி தெரிய வேண்டுமென்றால் அது ஒரு நொடிக்குள் படத்துக்கு மேல் படமாக வரைந்து தள்ள வேண்டும். இதுவோ ஒரு படம் வரைந்துவிட்டு மூச்சு வாங்கும். கிளட்ச் பழகாதவன் ஓட்டுகிற டவுன் பஸ் மாதிரி நிற்கும், திடீரென்று தாவும், மறுபடி நிற்கும்.

எனக்கு அது பழக்கம். அக்காவுக்கு மருந்து ஏறியிருந்த உடம்பு. வாசலைத் தாண்டி ஹாலுக்குள் திரும்புவதற்குள் முகம் வெளுத்து, வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பேசினை எடுப்பதற்குள் போர்வையெல்லாம் ஆகிவிட்டது. "போதும்டி, தலை சுத்துது. எடுத்துட்டுப் போயிடு" என்றாள். தன் வீட்டுக்குள் போக முடியாமல் வாசலிலேயே விழுந்தவள் மாதிரி இருந்தது அவள் முகம். நான் கொல்லைப்பக்கம் போய், போர்வையை அலசிக்கொண்டே அழுதேன்.

முன்கூட்டியே வீடியோவாக எடுத்து வைத்து ஓட்டலாமே என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. அது தாவாது, நிற்காது. ஆனால் நான் நினைத்த வழியில்தான் போகும். அவள் "அந்தாண்ட திருப்பு" என்றால் திரும்பாது. கல்யாண கேசட் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். அவள் கேட்டது படம் பார்க்க அல்ல, உள்ளே போக.

எடுத்திருந்த சீட்டுப் பணத்தோடு சென்னைக்கு பஸ் ஏறினேன். எவ்வளவு என்று கேட்காதீர்கள். சொன்னால், அதைவிட நல்லது உங்கள் போனுக்குள்ளேயே இருக்கிறது என்று எடுத்துக் காட்டுவீர்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ஒரு சின்னக் கடை. கடைக்காரர் தலையைத் தூக்காமலே, "இன்னா கேம் ஆடுவாரு பையன்?" என்றார். "பையன் இல்ல. எனக்குத்தான்" என்றேன். "நீங்க ஆடுவீங்களா?" என்று அப்போதுதான் என்னைப் பார்த்தார். "ஆடலிங்க. நடக்கணும். வீட்டுக்குள்ள, தலை சுத்தாம நடக்கணும்." அவர் சிரித்தார். வந்தது எனக்கு ஆத்திரம். "சிரிக்காதீங்க. எங்க அக்கா படுத்த படுக்கையா இருக்காங்க. கட்டாத வீட்ட அவங்களுக்குக் காட்டணும். படம் தாவுனா வாந்தி எடுக்குறாங்க" என்று கொட்டிவிட்டேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கேம் ஆடுகிற கார்டு ஒன்றை எடுத்து வைத்து, விலை குறைவு, வேகம் உண்டு, ஆனால் உங்கள் வரைபட சாஃப்ட்வேரில் சில சமயம் கோடு மறையும், திடீரென்று மூடிக்கொள்ளும் என்றார். பிறகு ஏணி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு நீளமான பெட்டியை இறக்கினார். டிசைன் ஆபீஸ்களுக்கென்றே செய்கிற கார்டு. "இது மெதுவா ஆரம்பிச்சாலும் நடுவுல கால வாராது. நோயாளிய வெச்சிகினு ரிஸ்க் எடுக்காதீங்க" என்றார். அதுதான் எனக்கு வேண்டும். அவள் உள்ளே இருக்கும்போது திரை மூடிக்கொண்டால் நான் என்ன செய்வேன்?

ஆரணிக்கு வந்து பிரித்துப் பார்த்தால், செங்கல் கனம். தனியாக ஒரு ஃபேன், தனியாக ஒரு கரண்ட் ஒயர். கேபினெட்டுக்குள் நுழையவே மாட்டேன் என்றது. உள்ளே ஹார்டு டிஸ்க் மாட்டுகிற தகரம் குறுக்கே நின்றது. மாமா தறி வேலைக்கு வைத்திருந்த ஆக்ஸா பிளேடை எடுத்துத் தகரத்தை அறுத்தேன். மாட்டினால் கம்ப்யூட்டர் ஒரு முறை உறுமிவிட்டு அணைந்தது. பழைய பவர் சப்ளை இதன் பசிக்குப் போதவில்லை. வேலூருக்குப் போய்ப் பெரிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். அன்று மாலை திரையில் வீடு சுற்றித் திரும்பியது பாருங்கள், எண்ணெய் போட்ட கதவு மாதிரி. நான் தனியாக உட்கார்ந்து ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

மாமா ஒரு கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமும் குழைத்து எடுத்து வந்தார். திறந்து கிடந்த கம்ப்யூட்டருக்குள் கையை விட்டு, கார்டின் மேல் ஒரு பொட்டு வைக்கப் போனார். "ஐயோ மாமா! ஈரம் படக் கூடாது, எரிஞ்சி போயிடும்!" என்று நான் போட்ட கூச்சலில் கிண்ணம் கவிழ்ந்தது. நல்லவேளை, தரையில்தான். அவர் பயந்துபோய் நின்றார். "புதுசு வந்தா பொட்டு வெக்காம எப்டிம்மா?" என்றார். கடைசியில் கார்டு வந்த காலி அட்டைப்பெட்டிக்குப் பொட்டு வைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கட்டிலிலிருந்து அக்கா சிரித்தாள். "டப்பாவுக்குப் பூஜை பண்ற ஆளு இந்த ஊர்லயே இவர் ஒருத்தர்தான்" என்றாள். அவள் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

அந்தச் சிரிப்பிலேயே மாமாவுக்கு ஒரு தைரியம் வந்தது. "புது வூட்டுக்குள்ள சொம்மா போவக் கூடாது. நல்ல நேரம் பாத்து, பால் காய்ச்சித்தான் போவணும்" என்று பிடிவாதமாக நின்றார். கம்ப்யூட்டரில் போவதற்கா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி இல்லை அவர் முகம். அந்த வருஷம் தினமும் கரண்ட் கட். காலண்டரில் நல்ல நேரம் இருக்கும்போது கரண்ட் இருக்காது. கரண்ட் இருக்கும்போது ராகு காலம் வந்து உட்கார்ந்துகொள்ளும். யுபிஎஸ் இந்தக் கார்டைப் பார்த்ததுமே கீ என்று கத்திவிட்டுப் படுத்துவிடும். மாமா காலண்டரையும் நான் கரண்ட் கட் நேரத்தையும் வைத்துக்கொண்டு சண்டை போட்டோம். அக்காவுக்கோ ஒவ்வொரு நாளும் குரல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை இரண்டும் ஒத்து வந்தது.

அன்று அக்காவுக்குத் தலை வாரி, அவளே கேட்ட அரக்கு நிறப் புடவையைச் சுற்றிவிட்டேன். தலையணைகளை அடுக்கி உட்கார வைத்தேன். மாமா கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்து, புதுப் பாத்திரத்தில் பால் ஊற்றினார். பால் பொங்கி வழிந்ததும், "ஜல்தி, ஜல்தி, உள்ள போங்க" என்றார். நான் மவுஸைப் பிடித்தேன். திரையில் வாசற்படி.

"இரு" என்றாள் அக்கா. போர்வையை விலக்கி, வீங்கிப்போயிருந்த வலது காலை மெதுவாகக் கட்டிலிலிருந்து இறக்கி, தரையில் வைத்தாள். "இப்ப போ" என்றாள்.

போனோம். படம் தாவவில்லை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நகர்த்தினேன். ஹாலின் நடுவில் நின்றோம். "எவ்ளோ இடம்டி" என்றாள். "தலை சுத்துதாக்கா?" என்றேன். "இல்ல. நடக்கிற மாதிரியே கீது. என் ஒசரத்துக்கே தெரியுதே?" என்றாள். அவள் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில்தான் வைத்திருந்தேன். அக்கா என்னைவிட நல்ல உயரம்.

அதற்குப் பிறகு அவள் வாய் ஓயவில்லை. "இந்தாண்ட திருப்பு. அது இன்னா, சமையல் ரூமா? மேடை தாழ்வா கீது பாரு, ஒரு கல்லு ஏத்தச் சொல்லு." ஜன்னலுக்கு வெளியே நான் வெறும் நீலமாக விட்டிருந்தேன். "வெளிய இன்னா, ஒண்ணுமே இல்லையா? ஊரை எங்கடி காணோம்?" என்றாள். தரையில் விழுந்திருந்த வெயிலைப் பார்த்து, "அங்க மணி இன்னா?" என்று கேட்டாள். "காலைல பத்துக்கா. எப்பவும் பத்துதான்" என்றேன். "அய்ய, அப்ப டிபனும் முடிஞ்சிது, மத்தியான சோறும் வெக்க வேணாம். குடுத்து வெச்ச வூடு" என்றாள். மாமா வாய்விட்டுச் சிரித்தார். மூன்று பேரும் சிரித்தோம். காய்ச்சிய பாலில் ஒரு கரண்டி எடுத்து மாமா அவள் வாயில் ஊற்றினார். அதை அவள் வாந்தி எடுக்கவில்லை.

நான் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். நடந்துவிட்டது. உள்ளே போய்விட்டாள். இனி வீடு கட்டி முடிக்கிற வரை அவளிடம் இன்னும் கொஞ்சம் பொய் சொல்லிக்கொண்டிருந்தால் போதும்.

"மறுபடி ஹாலுக்கு வா" என்றாள். வந்தேன். "சுத்து. மெதுவா. அங்க நிறுத்து." வெறும் வெள்ளைச் சுவர். "இது எந்தப் பக்கத்துச் செவுரு?"

"வடக்குக்கா."

"அப்போ தெக்க பாத்துகினு கீது. சரி. இதுல ஒரு கரண்ட் பாயிண்ட் வெச்சிடு."

"டிவி அந்தாண்ட செவுத்துலக்கா. அங்க ஏற்கனவே வெச்சிருக்கேன்."

"டிவிக்கு இல்லடி. மேல. போட்டோ மாட்டுனா, அதுக்கு முன்னாடி சின்னதா செவப்பு பல்பு ஒண்ணு எரிய வுடுவாங்க இல்ல? அதுக்கு. பூச்சு பூசறதுக்கு முன்னாடியே சொல்லி ஒயரை இஸ்து வுட்டுடு. அப்புறமா வந்து பூசுன செவுத்த ஒடச்சிகினு இருக்காதீங்க."

எங்கள் ஊரில் தெற்குப் பார்த்துப் படம் மாட்டுவதும், அதன் முன்னால் ஓயாமல் ஒரு சிவப்பு பல்பை எரிய விடுவதும் போய்விட்டவர்களுக்குத்தான். நான் திரும்பி மாமாவைப் பார்த்தேன். அவர் கையில் பால் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். பிறகு, எங்கிருந்தோ குரலை இழுத்துக்கொண்டு, "எங்க அப்பா போட்டோக்குச் சொல்றா. இல்லம்மா?" என்றார்.

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு பிரியமாக ஒரு மனுஷி தன் புருஷனைப் பார்த்ததை நான் அதற்குப் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை. "ஆமாங்க" என்றாள். "மாமனார் போட்டோக்குத்தான்."

மாமா தலையை ஆட்டிக்கொண்டு, பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அங்கே தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. நான் அந்தச் சுவரில் ஒரு பாயிண்ட்டை எடுத்து வைத்தேன். திரை எனக்குக் கலங்கலாகத் தெரிந்தது.

அக்கா கொஞ்சம் முன்னால் சாய்ந்து பார்த்தாள். "ஒசரமா வெச்சிட்ட. இது என் ஒசரத்துக்கு. எறக்கு" என்றாள் மெதுவாக. "தெனம் தொடைக்கப் போறது நீதான். உன் கைக்கு எட்டற மாதிரி எறக்கு. இன்னும். இன்னும் கொஞ்சம். ஆங், அங்கதான்."

நான் இறக்கினேன். இறக்கி வைத்து, சேவ் செய்தேன். அவள் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "காலைத் தூக்கி மேல வுடுடி. குளுருது" என்றாள்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அக்கா போய்விட்டாள். அந்தக் கார்டு அதற்குப் பிறகும் என்னிடம் வருஷக் கணக்காக ஓடியது. அதைப் பார்த்தே செய்யாறிலிருந்தும் போளூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வீட்டுக்குள் நடந்து பார்த்துவிட்டு, ஆ என்று வாயைப் பிளந்தார்கள். நான் அதற்குச் சந்தோஷப்பட்டதாக ஞாபகம் இல்லை. சமையல் மேடைக்கு அவள் கேட்ட ஒரு கல் உயரத்தையும் ஏற்றி, மாமாவும் நானும் அந்த வீட்டைக் கட்டி முடிக்க இழுத்துக்கொண்டே போனது. பூச்சு வேலைக்கு முன்னால் ஒயர் இழுக்க எலக்ட்ரீஷியன் வந்தான். என் பிளானைக் கையில் வைத்துக்கொண்டு, ஹால் வடக்குச் சுவருக்கு முன்னால் நின்று தலையைச் சொறிந்தான்.

"மேடம், இது போட்டோ பாயிண்ட்டுதானே? இவ்ளோ கீழ யாரும் வெக்க மாட்டாங்க. பாக்க நல்லா இருக்காது. ஒரு ரெண்டடி ஏத்திடவா?"

ஊருக்கே வாய் நீளமான நான் அவன் கையிலிருந்த பிளானைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் மணல் சலித்துக்கொண்டிருந்த மாமா சல்லடையைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"ஏத்தாதப்பா" என்றார். "அது என் பொண்டாட்டி தனக்கு வெச்சிகினு போன பாயிண்ட்டு. அவ சொன்ன எடத்துலயே வை."

எலக்ட்ரீஷியன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, என் கை எட்டுகிற உயரத்தில் சுவரில் ஒரு வட்டம் போட்டான்.